ஜின்கள் வெட்டிய வாய்க்கால்

ஓமான் தேசத்துக் கிராமங்களில் முதியவர் எவரையேனும் அணுகி, பாலையின் அடியில் மைல்கணக்காகத் தண்ணீரைக் கொண்டுவருகிற சுரங்க வாய்க்கால்களை வெட்டியவர் யார் என்று விசாரித்தால், தாவூது நபியின் குமாரராகிய சுலைமான் நபி, காற்றில் மிதக்கும் கம்பளத்தின்மீது அமர்ந்து அத்தேசத்தைக் கடந்தபோது, கீழே ஜனங்கள் தண்ணீரின்றி வாடுவதைக் கண்டு மனமிரங்கி, தமது ஏவலுக்குட்பட்ட ஜின்களை அழைத்து, நாளொன்றுக்கு 1,000 வீதம் 10 நாளில் 10,000 வாய்க்கால்களை வெட்டி முடிக்கும்படி கட்டளையிட்டார் என்ற கதையைக் கேட்கலாம். அவ்வாய்க்கால்களுள் ஒரு வகைக்கு இன்றளவும் 'தாவூதி' என்றே பெயர். இக்கதையைக் கேட்டவுடன் எனக்கு நம் ஊர் நினைவுதான் வந்தது. பெரிய ஏரிக்கரையையோ, யானை உயரக் கற்களை அடுக்கிய மதிலையோ காட்டி, 'ஒரே ராத்திரியில் பூதம் கட்டிவிட்டுப் போனது' என்று சொல்லாத ஊர் நம்மிடத்தில் எத்தனை? வேலை செய்தவனை ஒருவரும் கண்ணால் காணாவிட்டால், அல்லது கண்டவர்கள் மறந்துவிட்டால், அவனுக்குரிய பெயரைப் பூதமும் ஜின்னும் வாங்கிக்கொண்டு போய்விடுகின்றன.

அந்த வாய்க்காலை அரபியர் 'ஃபலஜ்' என்பர், பன்மையில் 'அஃப்லாஜ்'. பிளத்தல், பகுத்தல் என்னும் பொருளுடைய தாதுவிலிருந்து பிறந்த சொல் அது. வரும் தண்ணீரை ஊரார் தமக்குள் பகுத்துக்கொள்வதால் பெயர் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. மலையடிவாரத்தில் நிலத்தடி நீரை எட்டும்வரை ஒரு கிணறு தோண்டுவார்கள். அதற்கு 'ஃபலஜின் தாய்' என்று பெயர். அந்தத் தாய்க்கிணற்றின் அடியிலிருந்து ஊரை நோக்கி, மேலே நிலம் சரிகிற சரிவைவிடச் சற்றே குறைந்த சரிவில் ஒரு சுரங்கத்தைக் குடைந்துகொண்டே வந்தால், ஏற்றமோ கவலையோ மாடோ மனிதனோ இழுக்காமல், தண்ணீர் தன் பாரத்தினாலேயே நடந்து, ஓரிடத்தில் பூமிக்கு மேலே வந்து, வெயிலில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு பேரீச்சந்தோப்புக்குள் புகும். தோப்புக்காரர்கள் அதனை 'அதர்' என்ற அளவால் பங்கிடுவார்கள். ஓர் அதர் ஏறக்குறைய அரைமணி நேரம். பகலில் நட்ட கோலின் நிழலைப் பார்த்தும், இரவில் குறித்த நட்சத்திரங்களின் உதயத்தைப் பார்த்தும் முறை மாற்றிக்கொள்வது பழைய சம்பிரதாயம். ஓமானில் சுமார் 3,000 அஃப்லாஜ் இன்னும் உயிரோடு ஓடுகின்றன. அவற்றுள் ஐந்தினை யுனெஸ்கோ 2006-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. எல்லைக்கு இப்பால், அபுதாபியைச் சேர்ந்த அல் ஐன் நகரின் சோலைகளுக்கும் தொல்லிடங்களுக்கும் அதே மரியாதை 2011-இல் வாய்த்தது. அந்நகருக்கு அருகில் ஹீலியிலும் பிதா பின்த் சவூதிலும் அகழ்ந்தெடுக்கப்பட்ட வாய்க்கால்கள் ஏறக்குறைய 3,000 ஆண்டு பழைமை உடையவை. இந்த வித்தையை முதலில் கண்டவர் பாரசீகரா, அல்லது இந்தப் பாலை மக்களா என்பது பண்டிதர்களுக்குள் தீராத வழக்கு. அதில் நான் தலையிடப் போவதில்லை.

நமக்கும் இது முற்றும் அந்நியமான வித்தை அன்று. பீதரிலும் புர்ஹான்பூரிலும் சுல்தான்களும் மொகலாயரும் இவ்வகைச் சுரங்கங்களை வெட்டுவித்தார்கள். காசர்கோட்டுச் சீமையில் செம்புரைக்கல்லைக் குடைந்து வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் 'சுரங்கம்' இன்றும் உண்டு. பழந்தமிழில் நிலத்தடி நீர்வழிக்குச் 'சுருங்கை' என்ற அழகான சொல்லே இருந்தது. ஆனால் சொல் இருந்ததே தவிர, அச்சுருங்கைக்குள் குந்தியிருந்து மண் வெட்டியவனைப் பற்றி நாமும் ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

அவனுடைய வேலைத்தலம் எப்படிப்பட்டது? ஒரு மனிதன் முதுகை வளைத்துக்கொண்டு நகரக்கூடிய உயரம், இரு தோளும் உரசும் அகலம். குட்டைக் காம்புள்ள கொத்துக்கருவியால் முன்னே உள்ள மண்ணைப் பெயர்க்க வேண்டும். பெயர்த்த மண்ணைக் கூடையில் இட்டுப் பின்னால் இருப்பவனிடம் தள்ளவேண்டும். சில பத்து மீட்டருக்கு ஒன்றாக மேலிருந்து இறக்கியிருக்கும் செங்குத்துக் குழியின் அடிக்கு அது போய்ச் சேர்ந்ததும், மேலே நிற்பவர்கள் கயிற்றால் இழுத்துக் குழிவாயைச் சுற்றிலும் கொட்டுவார்கள். காற்று வருவதும் அந்தக் குழி வழியாகத்தான். ஆள் போவதும் அந்தக் குழி வழியாகத்தான். பாரசீகத்தில் இத்தொழில் செய்வோர் வெள்ளை உடை உடுத்தி இறங்குவார்களாம்: மண் சரிந்தால் அதுவே கஃபன் என்னும் சவத்துணியாக இருக்கட்டும் என்ற நினைப்பு. ஓமானில் அவாமிர் என்னும் குலத்தார் இத்தொழிலில் பெயர் பெற்றவர்கள். பூமிக்கு மேலே அவர்கள் ஒட்டகம் மேய்க்கும் பதூயினரின் உறவினர். பூமிக்குக் கீழேயோ அவர்களுக்கு நிகர் அவர்களே.

வெளிச்சம்? இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. பாரசீகத்துச் சுரங்கத் தொழிலாளி தனக்குப் பின்னால் சற்று இடைவிட்டு இரண்டு எண்ணெய் விளக்குகளை வைப்பான். வெட்டிக்கொண்டே போகையில் திரும்பிப் பார்த்தால் ஒரு சுடர் மற்றொன்றை மறைக்க வேண்டும். மறைத்தால் சுரங்கம் நேராகப் போகிறது, இரண்டும் தனித்தனியே தெரிந்தால் கோணிவிட்டது. சுடர் வாடினால் காற்று கெட்டுவிட்டது, உடனே வெளியேற வேண்டும். இந்த விளக்குகள் மனிதனுடைய முகத்தைக் காட்டுவதற்காக ஏற்றப்பட்டவை அல்ல. கோட்டைக் காட்டவும் காற்றைச் சோதிக்கவுமே ஏற்றப்பட்டவை. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-கரஜி என்ற கணித மேதை, மறைந்த நீரை வெளிக்கொணரும் வித்தையைப் பற்றித் தனி நூல் ஒன்றே அரபியில் இயற்றி, மட்டம் பார்க்கும் கருவிகளையும் சுரங்கத்தை நேரே கொண்டுபோகும் உபாயங்களையும் விஸ்தாரமாக விளக்கியிருக்கிறார். கோடு மிகச் சுத்தமாக நூலேறிவிட்டது. கோட்டை வெட்டியவன் இருட்டிலேயே நின்றுவிட்டான்.

பிறகு படப்பெட்டி பிறந்தது. அதற்கு வேண்டிய முதல் ஆகாரம் வெளிச்சம். ஆகவே அது பிறந்த நாளிலிருந்து இருட்டில் வேலை செய்பவனுக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை. பாரீஸ் நகரத்து நாதார் என்ற பிரசித்தி பெற்ற புகைப்படக்காரர் 1861-ஐ ஒட்டி அந்நகரின் அடியில் உள்ள எலும்புக் கிடங்குகளையும் சாக்கடைகளையும் மின்விளக்கு கொண்டு படம் பிடிக்கத் துணிந்தார். மின்கலங்களை வீதியிலேயே வைத்துவிட்டுக் கம்பிகளை மட்டும் உள்ளே இறக்கினார். அப்படியும் ஒரு படத்துக்கு 18 நிமிஷம் வரை தகட்டைத் திறந்து வைத்திருக்க வேண்டியிருந்தது. எலும்புகளைச் சுமந்து அடுக்கும் கூலியாள் எவனால் 18 நிமிஷம் அசையாமல் நிற்க முடியும்? நாதார் என்ன செய்தார் தெரியுமா? துணிக்கடைப் பொம்மை போன்ற உருவம் ஒன்றுக்குத் தொழிலாளியின் உடையை மாட்டி, வேலை செய்கிற பாவனையில் நிறுத்திப் படம் எடுத்தார். பாதாளத்தில் உழைப்பவனைக் காட்டும் ஆதிப் படங்களிலேயே உழைப்பவன் இல்லை. அவனுடைய சட்டை மட்டும் இருக்கிறது.

அதற்குப் பின் மெக்னீசியம் வந்தது. 1864-இல் ஆல்ஃபிரெட் பிரதர்ஸ் என்பவர் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஒரு குகைச் சுரங்கத்தையும், மறு ஆண்டில் பியாஸி ஸ்மித் என்ற வானநூல் வல்லுநர் எகிப்தின் பெரிய பிரமிடின் உட்புறத்தையும், 1867–68-இல் திமதி ஓ'சல்லிவன் நெவாடாவின் வெள்ளிச் சுரங்கங்களையும் அந்த உலோகத்தை எரித்துப் படம் பிடித்தார்கள். மெக்னீசியம் எரிந்தால் கண் கூசும் வெள்ளொளியோடு வெண்புகையும் கிளம்பும். மூடிய சுரங்கத்தில் அந்தப் புகை போவதற்கு வழி இல்லை. முதல் படம் சரியாக அமையாவிட்டால், இரண்டாவதை எடுக்கப் புகை தணியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். போதாக்குறைக்குப் பூமியின் உள்வெப்பத்தில் லென்ஸின்மீது வியர்வை போல நீர்ப்படலம் கட்டிவிடும். 1884-இல் பென்சில்வேனியாவில், நம் கோஹினூர் வைரத்தின் பெயரையே தாங்கிய ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில், ஜார்ஜ் ப்ரெட்ஸ் என்பவர் மின்னொளியை உள்ளே கொண்டுபோய்ப் படமெடுத்தார். கார்ன்வால் சுரங்கங்களை ஜே. ஸி. பர்ரோ எடுத்த படங்கள் 1893-இல் நூலாக வெளிவந்தன; அவ்வளவு தெளிவான படங்களை அதற்கு முன் அத்துறை கண்டதில்லை. ஆனால் அவற்றை உற்றுப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஓங்கிய சம்மட்டி ஓங்கியபடியே இருக்கிறது, பிடித்த உளி பிடித்தபடியே இருக்கிறது. அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பாதாளத்தில் வேலையைப் படம் பிடிக்க வேண்டுமானால் முதலில் வேலையை நிறுத்த வேண்டும் என்பதே அக்காலத்துச் சட்டமாக இருந்தது.

வளைகுடாவுக்குப் படப்பெட்டி வந்த கதை வேறு. அங்கே வெளிச்சத்துக்கா பஞ்சம்? ஹெர்மன் புர்க்ஹார்ட் என்ற ஜெர்மானிய யாத்திரிகர் 1904-இல் அபுதாபிக்கு வந்து, அப்போதைய ஆட்சியாளர் ஷேக் சாயித் பின் கலீஃபா கோட்டைக்கு வெளியே சபை கூட்டியிருந்ததைப் படம் பிடித்தார். வில்ஃப்ரெட் தெசிகர் என்ற ஆங்கிலேய யாத்திரிகர், தென் அரேபியாவின் 'வெறும்பாலை'யை இரண்டாம் முறை கடந்துவிட்டு 1948-இல் அல் ஐன் பக்கத்து முவைஜிக் கோட்டையை அடைந்தபோது அவரிடம் ஒரு லைக்கா கேமரா இருந்தது. அவருடைய ஆயுட்கால எதிர்மறைகள் சுமார் 38,000 ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் காட்சிசாலையில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. எண்ணெய்க் கம்பெனி உத்தியோகத்துக்கு வந்த ரொனால்ட் காட்ரை, ஓமானுக்குச் சொந்தமாக இருந்த குவாதரில் பிறந்து 1958-இல் துபாய்க்கு வந்து அரசகுடும்பங்களின் படக்காரராகவே விளங்கிய நூர் அலி ரஷீத், இப்படிப் பலர் பின்னே வந்தார்கள். முத்துக் குளிப்பவர், ஒட்டகக்காரர், தோணி கட்டுபவர், பேரீச்சை விற்பவர் என்று ஒரு பெரிய உலகமே அவர்கள் படங்களில் உலாவுகிறது. நான் புரட்டிப் பார்த்த தொகுப்புகளில் ஃபலஜின் உள்ளே குனிந்து மண் வெட்டும் மனிதன் ஒருவனையும் நான் காணவில்லை. தோப்பில் ஓடும் தண்ணீர் இருக்கிறது; குழிவாயில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அக்காலத்து பிலிமின் மந்த வேகத்துக்கு அந்தக் குழிவாய்தான் எல்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பின்னாளில் ஐக்கிய அமீரகத்தின் முதல் அதிபரான மற்றொரு ஷேக் சாயித், 1946 முதல் அல் ஐன் பிரதேசத்தை நிர்வகித்து வந்தார். பாழடைந்த ஃபலஜ்களைப் பழுது பார்ப்பதும், ஸரூஜ் என்ற புதிய ஃபலஜை வெட்டுவிப்பதும், பணம் படைத்தவர் கையில் சிக்கியிருந்த தண்ணீர் உரிமையை எளியவர்க்கும் திறந்துவிடுவதும் அவர் அங்கே செய்த முதற் காரியங்கள். அவரே குழிக்குள் இறங்கி ஆட்களோடு ஆளாக மண் வெட்டினார் என்று அந்நகரத்தார் பெருமையோடு சொல்வார்கள். அவர் முகம் இன்று அமீரகத்தின் ஒவ்வோர் அலுவலகச் சுவரிலும் இருக்கிறது. அவருக்கு அடுத்தபடி குந்தியிருந்து அவர் தள்ளிய கூடையை வாங்கியவன் முகம் எது என்று கேட்டால், மறுபடி ஜின்களைத்தான் தேடிப் போகவேண்டும்.

இன்னொரு விசித்திரம்: இந்தப் பாதாளத் தொழிலின் மிகச் சிறந்த படங்கள் ஆகாயத்திலிருந்து எடுக்கப்பட்டவை. சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த எரிக் ஷ்மித் 1930-களில் விமானத்தில் பறந்து பாரசீகத்தின் தொல்லூர்களைப் படம் பிடித்து, 1940-இல் பெரிய நூலாக வெளியிட்டார். அப்படங்களில், ஃபலஜின் பாரசீக உறவாகிய கனாத்துகள் எறும்புப் புற்றுகளை நூல் பிடித்து வரிசையாக வைத்தாற்போலத் தெரிகின்றன. ஒவ்வொரு புற்றும் ஒரு குழிவாய். ஒவ்வொரு வளையமும் ஒருவன் கீழே வெட்டி அனுப்பிய மண். ஆளைப் பிடிக்க இயலாத பெட்டி, ஆள் வெளியே எறிந்ததைப் பிடித்துக்கொண்டு திருப்தி அடைந்தது.

நாதாருக்கு இல்லாத சௌகரியம் எனக்கு உண்டு என்ற மமதையில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்கால விடுமுறையில், ஓமானின் பச்சை மலை அடிவாரத்தில் உள்ள பிர்கத் அல் மவ்ஸ் என்ற ஊருக்கு ஒரு டிஜிட்டல் கேமராவோடு போனேன். ஊர்ப்பெயருக்கு 'வாழைக்குளம்' என்று பொருள். திருநெல்வேலிப் பேருந்தில் எழுதியிருந்தாலும் யாரும் ஐயப்பட மாட்டார்கள். யுனெஸ்கோ ஏற்ற ஐந்தில் ஒன்றாகிய ஃபலஜ் அல் கத்மீன் அங்கே ஓடுகிறது. சற்றுத் தள்ளி வேறொரு சிறிய வாய்க்காலில் தூர் வாரும் வேலை நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் அணிந்த வங்காளத்துக்காரர். அனுமதி கேட்டேன், அந்நாடுகளில் கேட்காமல் பிறர் முகத்தைப் படம் பிடிப்பது அபாயம் என்பது ஒருபுறம் இருக்க, கேட்பதுதானே மரியாதை. அவர் சம்மதித்தார். நான் வாய்க்காலின் வாயில் மண்டியிட்டுப் பார்த்தபோது, ஈர மண்வாடையோடு ஒரு கதகதப்பான காற்று முகத்தில் அடித்தது; கேமராவின் கண்ணாடி சட்டென்று மூடுபனி போட்டுக்கொண்டது. துடைத்துவிட்டு அவரை என் பக்கம் திரும்பச் சொன்னேன். திரும்பினார். திரும்பிய கணத்தில் அவர் நெற்றியில் கட்டியிருந்த விளக்கு நேராக லென்ஸுக்குள் பாய்ந்து, திரை முழுவதும் சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்துவிட்டது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சூரியன். விளக்கை அணைக்கும்படி சைகை காட்டினேன். அணைத்தார். இப்போது திரையில் கறுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. இருட்டுக்குள்ளிருந்து அவர் சிரிக்கும் சப்தம் மட்டும் வந்தது. "விளக்கு எரிந்தால் படம் இல்லை, அணைத்தால் வேலை இல்லை, எது வேண்டும் சாஹேப்?" என்று இந்தியில் கேட்டார். நான் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவருக்கு வேலையை விட்டுக்கொடுத்தேன்.

அல் ஐனில் இன்று பல ஃபலஜ்களில் ஓடுவது மோட்டார் இறைத்துவிடும் தண்ணீர். டீசல் பம்புகள் வந்து நிலத்தடி நீரைக் கீழே இறக்கிவிட்ட பின், தாய்க்கிணறுகள் வறண்டுபோயின. ஆனால் வளைகுடாவின் அடியில் குடைவது நின்றுவிடவில்லை. குடையும் காரணம் மாறியிருக்கிறது. அபுதாபியில் கழிவுநீருக்காக 41 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் ஆழ்சுரங்கம் போட்டார்கள். தோஹா மெட்ரோவுக்கு 21 சுரங்க எந்திரங்கள் ஒரே காலத்தில் வேலை செய்தது உலக சாதனையாகப் பதிவாயிற்று. துபாய் மெட்ரோ 2009 செப்டம்பர் 9-ஆம் தேதி ஓடத் தொடங்கியது. இன்று யூனியன் நிலையத்தில் ஏறி புர்ஜுமானில் இறங்குகிறவர்கள், தலைக்கு மேலே க்ரீக் என்ற உப்பங்கழியும் அதில் மிதக்கும் தோணிகளும் இருப்பதை நினைப்பதே இல்லை.

பாதாள வேலை தமிழனுக்குப் புதிதன்று. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய கோலார் தங்கவயலில், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம்மவர் தலைமுறை தலைமுறையாக இறங்கி, சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்று வெட்டினார்கள். சிவசமுத்திரத்து மின்சாரம் 1902-இல் அந்தச் சுரங்கங்களுக்காகவே இழுக்கப்பட்டது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. அந்தக் கதையைத் தனியே எழுத வேண்டும். வளைகுடாச் சுரங்கத்துக்கு இறங்கிய தமிழர்களோ பெரும்பாலும் அதற்கு முன் கிணற்றுக்குள்கூட இறங்கியிராதவர்கள். இராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவன் அப்படித்தான் துபாய்ச் சுரங்க வேலைக்குப் போனான். எந்திரம் முன்னே மண்ணை அரைத்துக்கொண்டே போகும். பின்னால் கான்கிரீட் துண்டுகளை வளையமாகக் கோத்து முடுக்க வேண்டும். ஒரு வளையம் முடிந்தால் எந்திரம் அதன்மீது முதுகைக் கொடுத்து உந்திக்கொண்டு அடுத்த அடி வைக்கும். பகலா இரவா என்பது கைக்கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும் என்பான். எந்திரத்தின் வட்டமுகம் மறுமுனைச் சுவரை உடைத்துக்கொண்டு வெளிப்படுகிற நாளில் மட்டும் புகைப்படக்காரர்கள் வருவார்கள்; ஹெல்மெட் அணிந்த நூறு பேர் அதன்முன் வரிசையாக நிற்பார்கள். அன்றைக்கு வேலை முடிந்திருக்கும். பர்ரோவின் காலத்துச் சட்டம் இன்னும் மாறவில்லை.

ஆனால் வேலை நடக்கும்போதே எடுத்த படம் ஒன்று அவனிடம் இருந்தது. கூட இருந்தவன் கைப்பேசியில் அவசரமாகத் தட்டியது. அதை ஊருக்கு அனுப்பி, ஊரில் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். சென்ற ஆண்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, கல்யாணப் படங்களுக்கும் தலைவர் படத்துக்கும் நடுவே அதைக் கண்டேன். தொழிலாளியின் மேற்சட்டையில் தைத்திருக்கும் பளபளப்புப் பட்டை, தன்மேல் விழுந்த வெளிச்சத்தை விழுந்த திசைக்கே திருப்பி அனுப்பும் குணமுடையது. கைப்பேசியின் ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பட்டைகள் நெருப்புக் கோடுகளாக எரிந்து, கேமரா அவற்றின் பிரகாசத்தைக் கணக்கிட்டு மற்றதை எல்லாம் இருட்டில் தள்ளிவிட்டது. படத்தில் இருந்தவை ஆறேழு ஜோடி வெள்ளைக் கோடுகள். குறுக்கே இரண்டு, தோளில் இரண்டு. கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை.

"இதுல நம்ம தம்பி எங்கம்மா?" என்று அவன் தாயாரைக் கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. கண்ணாடிச் சட்டத்தின்மேல் விரலை வைத்தார். "இந்தா, இடப்பக்கம் ரெண்டாவதுல நிக்கிறான்ல தம்பி. ஒரு தோளு எறங்கி இருக்கு பாருங்க. சின்னதுல கொடத்தத் தூக்கித் தூக்கி அப்படி ஆயிப்போச்சு."

நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப்போய்ப் பார்த்தேன். இரண்டாவது ஜோடியில் ஒரு கோடு மற்றதைவிட விரற்கடை தாழ்ந்துதான் இருந்தது. அவர் விரல் வைக்கும் இடத்தில் சட்டத்தின் கண்ணாடி சற்று மங்கியிருந்தது.